ஒரு குழு கலையட்டும், அப்புறம் வெளியிடலாம்

மினிட்ஃப்ளாக் என்ற பெயரில் ஒரே ஒரு இசைத்தட்டுதான் உண்டு. நான்கு தடங்கள், அதில் மூன்றில் பாட்டே கிடையாது. ஆனால் அதைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் வருவது இசை அல்ல, ஒரு நிபந்தனை. 1985 மார்ச்சில் பிளாக் ஃப்ளாக், மினிட்மென் என்ற இரண்டு அமெரிக்க பங்க் ராக் குழுக்களும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து விளையாட்டாக வாசித்ததைப் பதிவு செய்தார்கள். இரண்டு குழுக்களில் ஏதாவது ஒன்று கலைந்த பிறகுதான் இதை வெளியிட வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் மினிட்மென்னின் டி. பூன் விபத்தில் இறந்துபோனார். 1986-இல் தட்டு வெளிவந்தது. இவ்வளவுதான் கதை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உச்சுக்கொட்டுவார்கள். "விளையாட்டு வினையாப் போச்சு" என்பார்கள்.

எனக்கு அந்த உச்சுக்கொட்டல் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூன் இறந்தது துக்கம்தான், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. அந்த நிபந்தனையை ஏதோ ஜாதகக் குறிப்பு போல வாசிப்பதுதான் ஒட்டவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் எதற்காக அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் இந்தச் சின்னத் தட்டு வேறொரு பக்கம் திரும்புகிறது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிளாக் ஃப்ளாக் தரப்பில் கிடாருக்கு கிரெக் கின், பேஸ் கிடாருக்கு கீரா ரோஸ்லர், டிரம்ஸுக்கு பில் ஸ்டீவன்சன், குரலுக்கு ஹென்றி ராலின்ஸ். மினிட்மென் தரப்பில் கிடாரும் குரலும் டி. பூன், பேஸ் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. ஆக ஒரே அறையில் இரண்டு கிடார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ். இதை 'சூப்பர் குரூப்' என்று எழுதுகிறார்கள். அந்த வார்த்தை எனக்குச் சிரிப்பைத் தருகிறது. சூப்பர் குரூப் என்றால் ஏற்கெனவே நட்சத்திரங்களானவர்கள் கூடுவது, 1969-இல் கிளாப்டனும் வின்வுட்டும் ஜிஞ்சர் பேக்கரும் கூடிய பிளைண்ட் ஃபெய்த் மாதிரி: முதல் நிகழ்ச்சியே லண்டன் ஹைட் பார்க்கில் பெருங்கூட்டத்துக்கு முன்னால், ஒரு ஆல்பம், பிறகு ஆளுக்கொரு திசை. பங்க் என்று ஒன்று கிளம்பியதே அந்த மாதிரி நட்சத்திரப் பவனிகள் மேல் இருந்த கடுப்பில்தான். மினிட்ஃப்ளாக் ஆட்களோ தெற்குக் கலிபோர்னியாவின் ஒரே கடலோரத்துப் பழக்கம். கின் ஹெர்மோசா பீச்சுக்காரர், பூனும் வாட்டும் சான் பீட்ரோ துறைமுகத்துக்காரர்கள். கின் நடத்திய எஸ்எஸ்டி என்ற இசைத்தட்டு லேபிளில் முதல் வெளியீடு பிளாக் ஃப்ளாக்குடையது, இரண்டாவது மினிட்மென்னுடையது. 1983-இல் ஐரோப்பாவுக்கு ஒன்றாகவே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அடுத்த தெருப் பையன்கள் சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கியது போலத்தான் இதுவும். சோறு குழைந்ததா என்பது அங்கே பெரிய கேள்வி இல்லை.

ஆனால் பழக்கம் ஒன்றே தவிர வாசிப்பு ஒன்றல்ல. மினிட்மென் பாட்டு ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அவர்களுடைய முதல் தட்டில் ஏழு பாட்டு, எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம்கூட இல்லை. எதிலும் சிக்கனம் பார்ப்பவர்கள், அதற்கு 'எகானோ' என்று பேரே வைத்திருந்தார்கள். வாடகை குறையும் பின்னிரவு நேரத்தில்தான் ஸ்டுடியோவுக்குப் போவது, ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பிலேயே பதிவது, ஆல்பத்தில் எந்த வரிசையோ அந்த வரிசையிலேயே பாடிவிடுவது. பிறகு டேப்பை வெட்டி ஒட்ட வேண்டாமே. 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' என்ற அந்த இரட்டை ஆல்பத்தை 1,100 டாலரில் முடித்தவர்கள். கின்னோ அந்தச் சமயத்தில் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். பங்க் ரசிகர்கள் வேகம் வேகம் என்று கத்த, அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். நீட்டி நீட்டி வாசிக்கும் கிரேட்ஃபுல் டெட் குழுவின் பிரியர் வேறு. 1985-இலேயே 'த ப்ராசஸ் ஆஃப் வீடிங் அவுட்' என்று பாட்டே இல்லாத ஒரு சிறு தட்டை பிளாக் ஃப்ளாக் பெயரில் வெளியிட்டார். நீட்டி வாசிப்பவர் ஒரு பக்கம், நறுக்கென்று முடிப்பவர்கள் மறுபக்கம். இவர்கள் கூடினால் யார் யாருக்கு வளைந்து கொடுப்பார்கள் என்பதுதான் நான் இந்தத் தட்டை முதலில் தேடியதற்குக் காரணம்.

பதில் சுமார்தான். தட்டு அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. ஒரு தாளக்கட்டைப் பிடிப்பது, அதையே சுற்றிச் சுற்றி வருவது, எங்காவது யாராவது ஒருவர் கிளம்புவது, மற்றவர்கள் பின்தொடர்வது. ஜாம் என்றால் இதுதானே. 'ஃபெட்ச் த வாட்டர்' ஒன்றில்தான் குரல் வருகிறது. 'பவர் ஃபெய்லியர்', 'ஃப்ரெண்ட்ஸ்', 'கேண்டி ரஷ்' மூன்றும் வெறும் வாத்தியம். ராலின்ஸ் மாதிரி ஒரு தொண்டையைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு முக்கால்வாசி நேரம் சும்மா வைத்திருந்தார்கள் என்பதே எனக்கு ஒரு வேடிக்கை. பூனின் கிடாரை மட்டும் தனியே கவனித்துக் கேட்கச் சொல்வேன். அவர் எப்போதுமே ஆம்ப்பில், அதாவது கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டியில், கனத்த ஒலியை இறக்கி, மெல்லிய கூர் ஒலியை முழுக்க ஏற்றி, தன் டெலிகாஸ்டர் கிடாரைக் கீச்சென்று ஒலிக்கவிடுவார். கிடார்க்காரர்கள் கனமான சத்தத்தால் இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்வது ஒருவகை ஆதிக்கம், பேஸுக்கும் டிரம்ஸுக்கும் சமமான இடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசியலைப் பாட்டில் மட்டும் பேசாமல் ஆம்ப்பின் திருகிலேயே வைத்திருந்த மனிதர். கின்னின் கிடார் இதற்கு நேர்மாறு, அந்தக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் டான் ஆர்ம்ஸ்ட்ராங் கிடாரிலிருந்து வரும் முரட்டுச் சத்தம். இரண்டும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. காரணம் பூன் விட்டுவைத்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

சிறைக்குப் போய் வந்தவர்

நிபந்தனைக்கு வருகிறேன். வெளியிடாதே என்று யாராவது சொன்னால் அது கிரெக் கின்னுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1981-இல் பிளாக் ஃப்ளாக்கின் 'டேமேஜ்ட்' ஆல்பத்தை யூனிகார்ன் என்ற லேபிளோடு சேர்ந்து வெளியிட ஏற்பாடு. விநியோகம் எம்சிஏ என்ற பெரிய நிறுவனம். அங்கிருந்த ஒரு பெரிய அதிகாரி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இது பெற்றோருக்கு எதிரான தட்டு என்று கைவிரித்தார். பிறகு யூனிகார்னோடும் தகராறு முற்றி வழக்கானது. பிளாக் ஃப்ளாக் என்ற பெயரில் எதையும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தடை. பழைய பதிவுகளைத் திரட்டி, குழுப் பெயர் போடாமல், ஆட்களின் பெயரை மட்டும் போட்டு 'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். நீதிமன்றம் ஏமாறவில்லை. அவமதிப்பு என்று கின்னும் அப்போது குழுவிலிருந்த சக் டுகவ்ஸ்கியும் ஐந்து நாள் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி சிறையில் இருந்தார்கள். இசைத்தட்டு போட்டதற்காகச் சிறை! யூனிகார்ன் திவாலான பிறகுதான் விடிவு. 1984-இல் அணை உடைந்தது மாதிரி ஒரே வருடத்தில் நான்கு வெளியீடுகள்.

அப்படிப்பட்டவர் அடுத்த வருடமே ஒரு டேப்பைத் தானாக முன்வந்து பூட்டிவைக்கச் சம்மதிக்கிறார் என்றால், எனக்கு அதில் விதி தெரியவில்லை, சொகுசு தெரிகிறது. இப்போது தடை போடுவது தாங்களேதான், சாவியும் தங்களிடம்தான். இன்னொன்று, அவர்கள் முட்டாள்கள் அல்லர். வாசித்தது என்ன தரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த 1985-இல் பிளாக் ஃப்ளாக் வரிசையாகத் தட்டு போட்டுக்கொண்டிருந்தது. மினிட்மென்னும் 'ப்ராஜெக்ட் மெர்ஷ்' போட்டு முடித்து அடுத்ததற்குத் தயாரானார்கள். இந்த நடுவில் ஒரு ஜாம் பதிவை வெளியிட்டால் இரண்டு குழுவின் உண்மையான வேலைக்கும் அது இடைஞ்சல். 'நம்மில் ஒருத்தர் ஒழியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கிண்டல். அதற்குள்ளே ஒரு நல்ல எடிட்டரின் புத்தியும் இருக்கிறது.

யார் முதலில் ஒழிவார்கள் என்று அன்றைக்குப் பந்தயம் கட்டியிருந்தால் எல்லோரும் எந்தக் குழுவின் மேல் காசு வைத்திருப்பார்கள்? சந்தேகமே வேண்டாம், பிளாக் ஃப்ளாக்தான். ஆள் மாறிக்கொண்டே இருந்த குழு அது. ராலின்ஸே நான்காவது பாடகர். மினிட்மென் மூன்று பேரோ தொடக்கத்துச் சின்னக் குழப்பத்துக்குப் பிறகு மாறவே இல்லை. பூனும் வாட்டும் பதின்மூன்று வயதுச் சிநேகிதர்கள். பார்க்கில் ஒரு மரத்திலிருந்து பூன் வாட்டின் மேல் குதித்ததுதான் முதல் அறிமுகம். வாட்டை பேஸ் வாசிக்கச் சொன்னதே பூனின் அம்மா. பேஸ் என்றால் என்னவென்று தெரியாமல் சாதாரண கிடாரில் நான்கு தந்தியை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவர் வாட். இவர்கள் கலைவதாவது!

அக்கா பையன் கேட்டது

இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கக் காரணம் என் அக்கா பையன். கல்லூரியில் படிக்கிறான், டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான், வீட்டில் எந்தச் சாப்பாட்டுத் தட்டும் அவன் முழங்காலும் தப்புவதில்லை. அவனைக் காரில் ஓரிடத்துக்கு அழைத்துப் போகும்போது, என்ன ஏது என்று சொல்லாமல் இந்த நான்கையும் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் டாஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டு வந்தான். பிறகு, "மாமா, ரெண்டு பேரா டிரம்ஸ் வாசிக்கிறாங்க?" என்றான். ஆமாம் என்றேன். "ஜாலியா வாசிக்கிறாங்க. ஆனா பாட்டு எப்ப வரும்?" வந்து போய்விட்டது என்றேன். சிரித்தான். நிறுத்தச் சொல்லவில்லை. 'கேண்டி ரஷ்' முடிகிற வரைக்கும் விரல் ஓயவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே நானும் கேட்டேன். அந்தச் சமயத்தில் எனக்கும் அது வெறும் ஜாலியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கதையைச் சொன்னேன். 1985 டிசம்பர் 22. அதற்குச் சில நாட்கள் முன்புதான் மினிட்மென், ஆர்.இ.எம். குழுவோடு சுற்றுப்பயணம் முடித்து ஊர் திரும்பியிருந்தார்கள். பூன் தன் தோழியோடு வேனில் அரிசோனா பாலைவனம் வழியாகப் போகிறார். காய்ச்சல். உட்கார முடியாமல் வேனின் பின்பக்கம் படுத்திருக்கிறார், சீட் பெல்ட் இல்லை. ஓட்டியது அவர் இல்லை. நெடுஞ்சாலையில் பின் அச்சு முறிந்து வண்டி சாலையை விட்டு விலகுகிறது. பின்கதவு வழியாகத் தூக்கி எறியப்படுகிறார். இருபத்தேழு வயது. மினிட்மென்னின் அடுத்த ஆல்பம் அந்த மாதம்தான் கடைக்கு வந்திருந்தது.

பையன் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனாகவே திரும்பவும் அதைப் போட்டான். இந்தத் தடவை விரல் தட்டவில்லை. "இப்ப வேற மாதிரி கேக்குது" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, கதை மேல்தான் வந்தது. கதை தெரியாமல் கேட்டபோது அவன் காதில் விழுந்த இரண்டு டிரம்ஸ், கதை தெரிந்ததும் விழவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைந்தவன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சிக்னலில் நின்றபோது சட்டென்று, "ஆனா மாமா, அவங்க கலையவே இல்லையே. ஒருத்தர் செத்துட்டாரு. அது கலையறது ஆகுமா?" என்றான்.

எவ்வளவு எளிய கேள்வி! மினிட்மென் கலையவில்லை. சண்டை போட்டுப் பிரியவில்லை, சலித்துப் போய் விடவில்லை. சொன்ன நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அது பூனின் மரணத்தால் நிறைவேறவே இல்லை. இன்னும் சொன்னால், அந்த அறையில் உண்மையாகவே கலைந்தது பிளாக் ஃப்ளாக்தான். மார்ச்சில் பதிவு முடிந்த கொஞ்ச நாளில் ஸ்டீவன்சன் வெளியே போய்விட்டார். இலையுதிர் காலத்தில் கீரா. பூன் இறந்த நாளில், அந்த டேப்பில் வாசித்த பிளாக் ஃப்ளாக் நால்வரில் இரண்டு பேர்தான் குழுவில் மிச்சம். மீதிக் கதையும் 1986 ஆகஸ்டில் முடிந்தது. கின் ராலின்ஸுக்குப் போன் போட்டு நான் விலகுகிறேன் என்றார். குழுவை ஆரம்பித்தவரே விலகினால் அப்புறம் என்ன குழு. எட்டு மாதம் பொறுத்திருந்தால் நிபந்தனை தானாகவே, அதுவும் எல்லோரும் எதிர்பார்த்த பக்கத்திலிருந்தே நிறைவேறியிருக்கும். யாரும் உச்சுக்கொட்ட வேண்டி வந்திருக்காது. ஒரு கிண்டல் கிண்டலாகவே முடிந்திருக்கும்.

அதனால் வெளியிட்டது தப்பு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. பூன் வாசித்த எதுவும் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது. கேட்கிற நாம்தான் அந்த வாசகத்தைச் சாவோடு முடிச்சுப் போட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

வாக்குச்சீட்டு

பூன் விட்டுப்போனது எது என்று காட்ட வேண்டுமானால் அதற்கு வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றி இதில் பாதிகூடப் பேச மாட்டார்கள். டிசம்பரில் வந்த அந்தக் கடைசி ஆல்பம் 'த்ரீ-வே டை' வாங்கியவர்களுக்கு உள்ளே ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. அடுத்து பாதி மேடையிலும் பாதி ஸ்டுடியோவிலுமாக ஒரு பெரிய ஆல்பம் போட நினைத்திருந்தார்கள். அதில் எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று ரசிகர்களே வாக்களித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். பாட்டு எழுதவும் வேலை தொடங்கியிருந்தது. இசை விமர்சகர் ரிச்சர்ட் மெல்ட்ஸர் எழுதித் தந்த வரிகளை வாட் கடைசிச் சந்திப்பில் பூன் கையில் கொடுத்தார். சீட்டுகள் எஸ்எஸ்டிக்கு வந்து சேர்ந்தபோது ஆல்பம் போட பூன் இல்லை. ஆனாலும் வாட்டும் ஹர்லியும் சீட்டுகளை எண்ணி, கிடைத்த மேடைப் பதிவுகளையும் வானொலிப் பதிவுகளையும் துருவி, 1987-இல் 'பேலட் ரிசல்ட்' என்று இரட்டை ஆல்பமாகக் கொடுத்தார்கள். தேர்தல் முடிவு என்று பெயர்! வேட்பாளர் போன பிறகும் வாக்கை எண்ணிய நாணயம் அது. சோகம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகட்டும். அங்கே சோகத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

மினிட்ஃப்ளாக்கில் எனக்குப் பிடித்தது இப்போது அந்த இரண்டு பேஸ்தான். வாட்டும் கீராவும் அந்த 1985-இலேயே நெருங்கியிருந்தார்கள். 'த்ரீ-வே டை'யின் பல பாட்டுகளுக்கு வரி எழுதியது கீரா. இருவரும் சேர்ந்து டிரம்ஸ் இல்லாமல், கிடார் இல்லாமல், இரண்டே பேஸ் மட்டும் வைத்து 'டோஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பூன் போன பிறகு வாட் இனி வாசிக்கப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சோனிக் யூத் என்ற குழுவின் ஆட்கள் நியூயார்க்கில் அவரைப் பிடித்து 'ஈவால்' ஆல்பத்துக்கு பேஸ் வாசிக்கவைத்தார்கள். ஒஹாயோவிலிருந்து எட் கிராஃபர்ட் என்ற ரசிகர் கிளம்பி சான் பீட்ரோவுக்கே வந்து நின்றார், அதிலிருந்து ஃபயர்ஹோஸ் என்ற குழு பிறந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் டோஸ் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் ஆல்பம் 1986-இல். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம், 1994-இல் விவாகரத்து. பிறகு கீரா ஹாலிவுட்டில் வசன ஒலித் தொகுப்பு வேலைக்குப் போய் அதில் பெயர் வாங்கினார். இரண்டு பேரும் பேஸை மட்டும் கீழே வைக்கவில்லை. விவாகரத்துக்கு இரண்டு வருடம் கழித்து 1996-இல் ஒரு ஆல்பம், அப்புறம் 2011-இல் இன்னொன்று.

குழு கலைந்தால் வெளியிடலாம் என்று பேசிக்கொண்ட அந்த ஏழு பேரில் இரண்டு பேர், கல்யாணம் கலைந்த பிறகும் குழுவைக் கலைக்கவில்லை. அக்கா பையனுக்கு அடுத்து அதைத்தான் போட்டுக் காட்டப்போகிறேன். டிரம்ஸே இல்லாத தட்டு, நிச்சயம் திட்டுவான்.